பெரிய மோட்டார் ஹோம்களுக்கு ரொறன்ரோவில் இரவுத் தரிப்பிடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

படுக்கை, சமையல், கழிவறை வசதிகளோடு ஒரு சிறு வீடுபோல அமைந்த மோட்டார் ஹோம் வாகனம் ஒன்றில் ரொறன்ரோவுக்கு வந்து சேரும் குடும்பம், இரவு அந்த வாகனத்தைச் சட்டப்படி எங்கே நிறுத்தலாம் என்று கேட்டால், மாநகர சபையிடம் அதற்குத் தெளிவான விடை இல்லை. கோடை விடுமுறையும் கோயில் திருவிழாக்களும் ஒன்றாக வரும் மாதங்களில் நம்மவர் பலரை இந்தச் சிக்கல் தொடுகிறது. அதனால் இதுபற்றிச் சிலவற்றைத் தங்கள் இதழ் வழியாக வாசகர்களின் கவனத்துக்கும், அவர்கள் ஊடாக மாநகர சபை உறுப்பினர்களின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன்.

மோட்டார் ஹோம் என்பது ஓய்வுபெற்ற வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் எண்ணியிருந்த காலம் போய்விட்டது. நான் பழகும் வட்டத்திலேயே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு புறப்படுவது இப்போது வியப்புக்குரிய செய்தியாக இல்லை. ஒன்ராறியோவில் 11,000 கிலோகிராம் வரையான வாகனத்தை ஓட்டச் சாதாரண ‘ஜி’ வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரமே போதும் என்பதால், நேற்றுவரை கார் மட்டும் ஓட்டியவர் இன்று முப்பது அடி நீளமான வாகனத்தின் சாவியைக் கையில் வாங்கிவிட முடிகிறது. முழங்கால் நோவுள்ள அம்மம்மாவுக்கு உள்ளேயே கழிவறை, இன்சுலின் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, மரக்கறிச் சாப்பாடு சமைக்க அடுப்பு, பிள்ளைகள் படுக்கக் கட்டில் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், மொன்றியலில் இருந்து ஏறக்குறைய 540 கிலோமீற்றர் கடந்து ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கோ ஆகஸ்ட் இறுதியில் மார்க்கம் வீதியில் நடக்கும் தமிழர் தெருவிழாவுக்கோ வரும் ஒரு பெரிய குடும்பத்துக்கு, மூன்று ஹோட்டல் அறைகளைவிட இது பொருத்தமானது. சிக்கல் பயணத்தில் இல்லை; வந்து சேர்ந்த பிறகு, இருட்டிய பிறகுதான் அது தொடங்குகிறது.

ரொறன்ரோவில் வேறு அறிவிப்புப் பலகை இல்லாத எந்த வீதியிலும் ஒரு வாகனம் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது. இது காருக்கும் பொருந்தும் விதிதான் என்றாலும், காருக்கு டிரைவ்வே இருக்கிறது, அடுக்குமாடியின் விருந்தினர் தரிப்பிடம் இருக்கிறது, கட்டணம் செலுத்தி நிறுத்த மாநகரத்தின் ‘கிறீன் பி’ தரிப்பிடங்கள் இருக்கின்றன. இரவில் வீதியோரம் நிறுத்துவதற்கான அனுமதித் திட்டம் பெரும்பாலும் பழைய நகரப் பகுதியின் ஒடுங்கிய தெருக்களுக்கு உரியது. அங்கே ஒரு சிறிய காரைச் சொருகவே இரண்டு சுற்றுச் சுற்றவேண்டியிருக்கும்போது ஒன்பது மீற்றர் நீள வாகனத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. ரொறன்ரோவின் வட எல்லையான ஸ்டீல்ஸ் அவெனியூவைத் தாண்டி அயல் நகரான மார்க்கத்துக்குள் போனால் வேறொரு விதி: அங்கே அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை வீதியில் வாகனம் நிறுத்தவே தடை. பிரம்டனிலும் அப்படியே. சில நகரங்கள் விருந்தினர் வாகனங்களுக்குத் தற்காலிக விலக்கு அளிக்கின்றன. ஆனால் அந்த ஏற்பாடு உறவினரின் காரை மனத்திற்கொண்டு செய்யப்பட்டது, உறவினரின் வீடே சக்கரத்தில் வந்து நிற்கும் நிலையை எண்ணிச் செய்யப்பட்டதல்ல.

‘அவரவர் வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தினால் என்ன?’ என்று கேட்பவர்கள் ஒருமுறை அளந்து பார்க்கவேண்டும். 2013ஆம் ஆண்டின் 569ஆம் இலக்க மண்டல உபவிதி ஒரு தரிப்பிடத்துக்கு வகுத்திருக்கும் அளவு 5.6 மீற்றர் நீளம், 2.6 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். நடுத்தர மோட்டார் ஹோம் ஒன்றின் உயரமே மூன்று மீற்றரைத் தாண்டிவிடும். ஆகவே நிலக்கீழ்த் தரிப்பிடங்களின் வாசலில் தொங்கும் இரும்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. வீட்டு முற்றத்திலோ, வாகனத்தின் பின்பகுதி நடைபாதைக்கு மேலே நீண்டு நிற்கும். நடைபாதைக்கும் வீதிக்கும் இடைப்பட்ட துண்டு நாம் புல் வெட்டினாலும் மாநகரத்துக்குச் சொந்தமானது. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் புதிய வரிசை வீடுகளில் டிரைவ்வே ஒரு காருக்கே கணக்காக இருக்கிறது. அயலவர் ஒருவர் மாநகர சபையின் 311ஆம் இலக்கத் தொலைபேசிச் சேவைக்கு அழைத்து முறையிட்டால் அதிகாரி வருவார், வரவும் வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையோடு போகும் தாயை வீதிக்கு இறக்கிவிடும் வாகனத்துக்காக நான் வாதாட வரவில்லை.

முகாம் தளங்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த விடை. ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்குள், கிங்ஸ்டன் வீதியை அண்டி அமைந்த கிளென் ரூஜ் முகாம் தளமும், மேற்கே கிளேர்வில் நீர்த்தேக்கத்தை அண்டிய முகாம் தளமும் நகரத்தை அடுத்திருப்பவை. அவை முகாமிட வருபவர்களுக்கானவை: முற்பதிவு செய்து, இரண்டு மூன்று நாள் தங்கி, நெருப்பு மூட்டி, மரங்களுக்கிடையே நடந்து திரும்புபவர்களுக்கானவை. இரவு பத்தரை மணிக்குக் கோயிலில் இருந்து வெளியே வந்து, ஆறு மணி நேரம் உறங்கி, விடிய எழுந்து மொன்றியலுக்குத் திரும்பவிருக்கும் குடும்பத்தின் தேவை அது அல்ல. கோடை வார இறுதிகளில் இத்தகைய தளங்களில் முன்கூட்டியே பதியாமல் இடம் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படுவதும் அறிவுடைமை அல்ல. பண்ணைகளும் திராட்சைத் தோட்டங்களும் உறுப்பினர்களுக்கு ஓரிரவு இடம் தரும் திட்டங்கள் உண்டு. நல்ல திட்டங்கள், ஆனால் அவை நயாகராப் பக்கமும் பிறின்ஸ் எட்வேட் கவுண்டிப் பக்கமும் போகிறவர்களுக்குத்தான் உதவும்.

எஞ்சியிருப்பது பெரிய கடைகளின் தரிப்பிடம். வட அமெரிக்காவில் வோல்மார்ட் தரிப்பிடங்களில் இரவைக் கழிக்கும் வழக்கம் பல தலைமுறைப் பயணிகளுக்குத் தெரிந்ததே. அது எங்கும் உரிமையாக இருந்ததில்லை. கடை முகாமையாளரின் நல்லெண்ணத்தையும், நிலம் யாருக்குச் சொந்தம் என்பதையும், அந்த ஊரின் உபவிதியையும் பொறுத்த ஒரு சலுகை அது. ரொறன்ரோ போன்ற இடங்களில் நிலம் பெரும்பாலும் வேறொருவருடையது, வாகனங்களை இழுத்துச் செல்லும் நிறுவனத்தின் பலகை ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் தொங்குகிறது. சென்ற கோடையில் தேர்த் திருவிழாவுக்கு வந்த என் மைத்துனர் குடும்பம், ஒரு வணிக வளாகத்தில் பகலில் கேட்டுப் ‘பரவாயில்லை’ என்ற பதிலைப் பெற்றுக்கொண்டே நிறுத்தியது. நள்ளிரவு தாண்டி வேறொரு காவலர் வந்து கதவைத் தட்டி, உடனே புறப்படாவிட்டால் இழுவை வண்டி வரும் என்றார். அந்தக் காவலரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை அது. பகல் முழுவதும் வெயிலில் நின்று, வடம் பிடித்து, சரியாகச் சாப்பிடாமல் படுத்த ஒரு மனிதர் அந்த நேரத்தில் எழுந்து, பழக்கமில்லாத ஒரு பெரிய வாகனத்தை 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே ஓய்விடம் தேடிப் போனார். பின்னிருக்கையில் எட்டு வயதுப் பிள்ளை அரைத்தூக்கத்தில் இருக்கைப்பட்டியோடு இருந்தது.

எனக்கு இதில் முதன்மையாகத் தோன்றுவது வசதி அல்ல, பாதுகாப்பு. கனடாவில் பாரவண்டி ஓட்டுநர் ஒருவர் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, தொடர்ச்சியாக எட்டு மணி நேரமாவது ஓய்வெடுக்கவேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. களைத்த சாரதியும் குடித்த சாரதியும் வீதியில் ஒரே வகையான ஆபத்து என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. விடுமுறைக்கு வாடகை வாகனம் ஓட்டும் தந்தைக்கு அந்தச் சட்டம் இல்லை. இல்லாதிருக்கட்டும். ஆனால் அவராகவே நின்று உறங்க விரும்பும்போது அவரை எழுப்பி ஓட்டச் சொல்லும் ஏற்பாட்டை எந்த அடிப்படையில் நியாயப்படுத்துவது?

இந்த மாகாணத்தின் விதிகளுக்குள் இருக்கும் ஒரு முரணையும் இங்கே குறிப்பிடவேண்டும். வட ஒன்ராறியோவின் அரச காணிகளில், தடை அறிவிக்கப்படாத இடங்களில், கனடாவில் வசிக்கும் எவரும் ஒரே இடத்தில் ஆண்டொன்றுக்கு 21 நாள் வரை கட்டணமின்றி முகாமிடலாம். கரடி உலாவும் காட்டில் மூன்று வாரம் இருக்க வழி செய்திருக்கும் மாகாணத்தில், அதன் மிகப்பெரிய நகரம் மூன்று மணி நேரத்தில் கையை விரிக்கிறது. காடும் நகரமும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். நெருக்கமான நகரத்தில் கட்டுப்பாடு கூடுதலாகத்தான் இருக்கவேண்டும். கட்டுப்பாடு என்பது இடம் ஒதுக்கி, நேரம் குறித்து, கட்டணம் வாங்குவது. இங்கே இருப்பது வெறும் மறுப்பு.

ஐரோப்பாவில் உறவுகள் உள்ளவர்களுக்கு மாற்று வழி புதிதல்ல. ஜெர்மனியில் வேறு தடை இல்லாத பொதுத் தரிப்பிடத்தில், களைப்பாறி மீண்டும் வாகனம் ஓட்டும் நிலைக்கு வருவதற்காக ஓர் இரவு வாகனத்துக்குள் உறங்குவது ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. நாற்காலியை வெளியே போட்டு, பந்தலை விரித்து, அடுப்பை மூட்டினால் அது முகாமிடுதல் ஆகிவிடும். அதற்கு அனுமதி இல்லை. தங்குவதையும் முகாமிடுவதையும் பிரிக்கும் கோடு இவ்வளவு எளிமையானது. இதற்கும் மேலாக, ஜெர்மனியிலும் பிரான்சிலும் சிறிய ஊராட்சிகள்கூட மோட்டார் ஹோம்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, குடிநீர்க் குழாயும் கழிவை இறக்கும் தொட்டியும் வைத்து, இரவுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குகின்றன. நின்றவர்கள் காலையில் ஊருக்குள் போய்ப் பாண் வாங்குகிறார்கள், சந்தையில் மரக்கறி வாங்குகிறார்கள். அந்த ஊர்கள் இதைத் தருமத்துக்குச் செய்யவில்லை.

எதிர்ப்பவர்களின் அச்சங்களை அலட்சியம் செய்யவும் முடியாது. அவற்றில் மிக நியாயமானது கழிவுநீர் பற்றியது. மோட்டார் ஹோமில் குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் ஒரு தாங்கியிலும், கழிவறைக் கழிவு இன்னொரு தாங்கியிலும் சேரும். பொறுப்பற்ற ஒருவர் இருட்டில் குழாயைத் திறந்துவிட்டால் அது வீதியோர வடிகாலில் போகும். ஸ்காபரோவில் அந்த வடிகால்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. மழைநீரோடு ஹைலன்ட் கிறீக்குக்கும் ரூஜ் ஆற்றுக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் அப்படியே போகின்றன. மாநகரத்தின் சாக்கடை உபவிதி இதைத் தடை செய்திருக்கிறது, ஆனால் எந்தத் தெருவில், எந்த இரவில் என்று தெரியாமல் ஒளிந்து நிற்கும் வாகனத்தை யார் கண்காணிப்பது? இலக்கத்தகடு பதிவான ஓர் இடத்தில் நிற்கும் வாகனத்தையே கண்காணிக்க முடியும். அதாவது இந்த அச்சம் ஒதுக்கிடம் வேண்டும் என்பதற்கான காரணமே அன்றி, வேண்டாம் என்பதற்கான காரணம் அல்ல. ஜெனரேற்றர் இரைச்சலும் அப்படியே: ஒதுக்கிய இடத்தில் அதை முற்றாகத் தடை செய்யலாம், ஓர் இரவுக்கு வாகனத்தின் மின்கலம் போதும்.

இன்னோர் அச்சம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. இடம் கொடுத்தால் வீடில்லாதவர்கள் வந்து நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்பதே அது. இந்த நகரத்தின் வாடகை நிலவரத்தில் வாகனத்துக்குள்ளேயே வாழ நேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது மறைக்கவேண்டிய செய்தி அல்ல. அவர்களுக்குத் தேவை வீடு. அதைக் கொடுப்பது மாநகர, மாகாண, மத்திய அரசுகளின் கடமை. பயணிகளுக்கு ஓரிரவுத் தரிப்பிடம் என்ற சிறிய கோரிக்கையை அந்தப் பெரிய துயரத்தோடு முடிச்சுப்போட்டு இரண்டையும் செய்யாமல் விடுவது சரியாகப் படவில்லை. அதேபோல் நான் கேட்கும் விதி நாளைக்கு அந்த மனிதர்களைத் துரத்தும் கருவியாகவும் பயன்படக்கூடாது.

என் கோரிக்கை இதுதான். மெடோவேல் வீதியில் உள்ள ரொறன்ரோ விலங்குக்காட்சிச்சாலை மாநகர சபையின் அமைப்பு. 1974இல் திறக்கப்பட்ட அந்த இடத்துக்கு, 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் இருந்து சில நிமிடங்களில் போய்ச் சேரக்கூடிய, உயரத் தடையில்லாத, மிகப்பெரிய திறந்தவெளித் தரிப்பிடம் இருக்கிறது. மாலையில் பார்வையாளர்கள் போன பிறகு அது பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. அதன் ஒரு மூலையில், விலங்குகளின் கூடங்களுக்கு எட்டத்தில், மே முதல் ஒக்ரோபர் வரை ஒரு பரீட்சார்த்த ஏற்பாடாக இருபது மோட்டார் ஹோம்களுக்கு இடம் குறிக்கட்டும். மாலை ஏழு மணிக்குப் பின் வந்து, அடுத்த பார்வையாளர் வரும் முன் காலை எட்டு மணிக்குள் போய்விடவேண்டும். ஒரே வாகனத்துக்குத் தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் அனுமதி இல்லை. இணையத்தில் இலக்கத்தகட்டைப் பதிந்து கட்டணம் செலுத்தவேண்டும். வெளியே பந்தலோ நாற்காலியோ நெருப்போ ஜெனரேற்றரோ கூடாது. நீளத்தில் இரண்டு கார்களின் இடத்தைப் பிடிக்கும் வாகனம் இரண்டு கார்களுக்கான கட்டணத்தைக் கொடுப்பதில் எவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. குடிநீரும் கழிவுத் தொட்டியும் முதல் ஆண்டிலேயே வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். நிலத்தைத் தோண்டுவது என்று வந்தால் அறிக்கை, ஆய்வு, ஒப்பந்தம் என்று ஐந்து ஆண்டு ஓடிவிடும் என்பது இந்த நகரத்தில் வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கழிவுத் தாங்கி உள்ள வாகனங்களை மட்டும் அனுமதித்து, கழிவை இறக்க முகாம் தளங்களில் உள்ள வசதியைச் சுட்டிக்காட்டினால் தொடக்கத்துக்குப் போதுமானது.

விலங்குக்காட்சிச்சாலை சரிவராது என்றால் பொதுநிலம் வேறு இல்லாமலில்லை. ஃபிஞ்ச் சுரங்க ரயில் நிலையத்தை அண்டி மின்கம்பிகளின் கீழே நீளும் தரிப்பிடங்கள் பகலில் வேலைக்குப் போவோரின் கார்களுக்கானவை, இரவில் அவை காலி. அங்கிருந்து ரயிலேறினால் நகர மையத்துக்குப் பெரிய வாகனத்தைக் கொண்டுபோகவேண்டிய தேவையும் ஒழியும், அதனால் யங் வீதியில் வரும் நெரிசலும் ஒரு வாகனத்தால் குறையும். எந்த இடம் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நம் சமூகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெரிய கோயில்களுக்கும் விழா மண்டபங்களுக்கும் விசாலமான தரிப்பிடங்கள் இருக்கின்றன. தேர், தீர்த்தம் போன்ற நாள்களில் வெளியூரில் இருந்து எத்தனை மோட்டார் ஹோம்கள் வரும் என்பதை அடியார்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, மண்டல விதிகளையும் காப்புறுதியையும் விசாரித்து, அந்த இரண்டு மூன்று இரவுகளுக்காவது ஒரு பகுதியை ஒதுக்குவதைப் பற்றி அறங்காவலர் சபைகள் யோசிக்கலாம். அன்னதானத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் நிர்வாகங்களுக்கு இது பெரிய பாரம் அல்ல. மோட்டார் ஹோமில் வருபவர்களும் ஊருக்குள் வந்த பிறகு இடம் தேடுவதைக் கைவிட்டு, வாகனத்தின் நீளத்தையும் உயரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, நிலச் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வரும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். வாய்மொழி அனுமதி காவலர் மாறும் நேரத்தோடு முடிந்துவிடும்.

மாநகர சபையின் உட்கட்டமைப்பு மற்றும் சுற்றாடல் குழுவின் கூட்டங்களில், நிகழ்ச்சி நிரலில் உள்ள விடயம் பற்றிப் பொதுமக்களில் எவரும் முன்கூட்டியே பதிந்து ஐந்து நிமிடம் வரை பேசலாம். ஆனால் விடயம் நிகழ்ச்சி நிரலுக்கு வருவதற்கு முதலில் உறுப்பினர் ஒருவர் அதைக் கொண்டுவரவேண்டும். இக்கடிதத்தின் ஆங்கில வடிவத்தை எனது தொகுதியின் உறுப்பினருக்கு அனுப்புகிறேன். ஸ்காபரோவின் மற்றத் தொகுதிகளில் உள்ள வாசகர்களும் தத்தம் உறுப்பினருக்கு இரண்டு வரி எழுதி, விலங்குக்காட்சிச்சாலைத் தரிப்பிடத்தில் அடுத்த மே மாதம் முதல் பரீட்சார்த்தமாக இதைத் தொடங்க முடியுமா என்று அதிகாரிகளிடம் அறிக்கை கோரும்படி கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.

இங்ஙனம்,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்